நின்ற வண்டியும் நிலுவைக் கணக்கும்

அரபு மொழியில் இன்று மோட்டார் காருக்கு 'ஸய்யாரா' என்று பெயர். செல்லுதல், வழிநடத்தல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. திருக்குர்ஆனில் யூசுஃப் நபி அவர்களின் வரலாற்றைக் கூறும் அத்தியாயத்திலும் இச்சொல் வருகிறது. சகோதரர்களால் கிணற்றில் விடப்பட்ட அச்சிறுவரை வெளியே எடுத்த வழிப்போக்கர் கூட்டத்துக்கு அங்கே 'ஸய்யாரா' என்று பெயர். இயந்திர வண்டி வந்த காலத்தில் அரபியர் அந்தப் பழஞ்சொல்லையே எடுத்து அதற்குச் சூட்டிவிட்டனர். மத்ரஸாவில் இப்பாடம் வரும்போதெல்லாம் இதை நாம் மாணவர்களுக்குச் சொல்லுவது வழக்கம்.

செல்லுவதையே பெயராகக் கொண்ட பொருள் செல்லாமல் நின்றுவிட்டால் அதை என்னவென்று அழைப்பது? அப்படி ஒரு வண்டி, அதிராம்பட்டினத்தில் நம் மூத்த ராத்தாவின் வீட்டுப் பின்கட்டில், 2006ஆம் ஆண்டு முதல் பத்தொன்பது ஆண்டுகள் நின்றிருந்தது. அது மீண்டும் சாலைக்கு வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் ஊர்களில் பல வீடுகளில் இத்தகைய வண்டி ஒன்று துணி போர்த்திக் கிடக்கிறது. ஆதலால் இது நம் குடும்பத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று.

மர்ஹூம் மச்சான் அவர்கள் அந்த அம்பாசடர் காரை 1978இல் வாங்கினார்கள். நாம் அப்போது ஓதப் பள்ளிக்குப் போய்வந்த சிறுவர். மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அவ்வண்டி செய்யப்பட்டது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஆங்கில வண்டியின் வார்ப்பு அது. 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. அக்காலத்தில் கார் வேண்டுவோர் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்து வந்த வண்டியாதலால், ஊரில் எந்த வீட்டுத் திருமணமாயினும், பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டை மருத்துவமனைக்குப் போவதாயினும், 'மச்சான் வண்டி' என்றே கேட்டு வருவார்கள். மச்சான் இல்லையென்று சொல்லி நாம் கேட்டதில்லை.

2006இல் மச்சான் வஃபாத்தானார்கள். வீடும் தோப்பும் ஓராண்டுக்குள் பாகம் பிரிக்கப்பட்டுவிட்டன. வண்டி மட்டும் பிரிபடவில்லை. மூத்த மருமகன், "இது உனக்குத்தான் என்று வாப்பா சொல்லியிருந்தார்கள்" என்றார். இளையவர், "நான்தானே கடைசிவரை ஓட்டினேன்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் மனம் நோகப் பேசிவிட்டனர். மூத்தவர் மலேசியாவுக்கும் இளையவர் சென்னைக்கும் போய்விட்டனர். பெண்மக்களில் ஒருத்தியான நம் மருமகளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் வாய்திறக்கவில்லை. ராத்தாவோ, "இரண்டு பேரும் ஒன்றாக வந்து கேட்டால் சாவியைத் தருகிறேன்" என்று சொல்லி, சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

முதல் ஆறு மாதம் தெருப் பிள்ளையொருவர் வாரம் ஒருமுறை வந்து இரண்டு நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்திப் போவார். அது நன்மை என்றே எல்லோரும் கருதினர். உண்மையில் அது தீமையையே செய்யும். இயந்திரம் நன்றாகச் சூடேறாமல் நிறுத்தப்பட்டால், எரிபொருள் எரிவதால் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து நீராகி, எண்ணெயோடும் புகைக்குழாயோடும் கலந்து அரிக்கத் தொடங்கும். இரண்டு நிமிடம் ஓட்டுவதைக் காட்டிலும் ஓட்டாமல் விடுவதே மேல். ஓட்டினால் அரைமணி நேரம் சாலையில் ஓட்டிவர வேண்டும்.

பிறகு பேட்டரி செத்தது. வண்டி முற்றிலும் அடங்கிப்போயிற்று. அலையாத்திக் காடும் உப்பளமும் சூழ்ந்த ஊர் நம்முடையது. உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது கீற்றுக் கொட்டகை பறந்தது. தென்னை ஒன்று வண்டிக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. இளைய மருமகன் பணம் அனுப்பித் தகரக் கொட்டகை போடச் செய்தார். பழைய இரும்பு வாங்குபவர் வந்து, எடைக்கு 28,000 ரூபாய் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். ராத்தா அவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

2025 தொடக்கத்தில் ஒரு திருமணத்துக்காகப் பிள்ளைகள் மூவரும் ஊருக்கு வந்திருந்தனர். ராத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. நம்மை அழைத்துவரச் செய்து, "தம்பி, நான் மௌத்தாவதற்குள் இதற்கு ஒரு முடிவு சொல்லு. இல்லாவிட்டால் இந்த வண்டிக்காக என் பிள்ளைகள் என் ஜனாஸாவுக்கும் தனித்தனியாக வருவார்கள்" என்றார்கள். அச்சொல் நம்மை மிகவும் வருத்திற்று. உடன்பிறந்தார் முகம்பாராமல் போன ஆண்டுகள் அந்த வண்டியின்மீது தூசியாகப் படிந்திருந்தன.

ஆகவே முதலில் கணக்கைத்தான் எடுத்தோம். ஒரு வாரிசுக்கு அவன் பங்குக்கு மேல் செய்யும் மரண சாசனம், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றிச் செல்லாது. உயிரோடிருக்கையில் 'உனக்குத்தான்' என்று சொன்னதும், பொருளைக் கையில் ஒப்படைக்காதவரை, நன்கொடையாக முற்றுப்பெறாது. கொட்டகை போட்ட செலவு தனிக் கணக்கு. அதனால் வண்டி அவருடையதாகிவிடாது. இவற்றை இரு மருமகன்களிடமும் எடுத்துச் சொன்னோம். "மாமா சொன்னால் சரி" என்று இருவரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டனர்.

மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மக்களுக்கு. ஆக, வண்டியை நாற்பது பங்காக்கினால் ராத்தாவுக்கு 5, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. வண்டியை நாற்பதாக வெட்ட இயலாது. எனவே விலை மதித்து ஒருவர் எடுத்துக்கொண்டு, மற்றவர்க்குரியதைப் பணமாகத் தந்துவிட வேண்டும். மற்ற வாரிசுகள் இசைந்து ஈடு பெற்று விலகும் இம்முறையை நம் சட்ட நூல்கள் 'தகாருஜ்' என்று கூறும். யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டபோது, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, கதவோரம் நின்ற மருமகள், "மாமா, நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். அதுவரை அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். எவருக்கும் மறுப்பில்லை.

விலை மதிக்கப் பட்டுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தோம். மச்சான் காலத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டவரின் மகன் அவர். நெற்றியில் திருநீறும் சட்டைப்பையில் ஸ்குரூடிரைவருமாக வந்தார். கொட்டகைக்குள் புகுந்து, விளக்கடித்து, அடித்தட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது சாவியை. "சாவிய எங்கிட்ட குடுத்துடுங்க அஜ்ரத்து. இல்லேன்னா வீட்டுல யாராச்சும் ஆசையில திருகிப்புடுவாங்க" என்றார். பிறகுதான் 60,000 ரூபாய் என்று விலை சொன்னார்.

டேஷ்போர்டின் சிற்றறையைத் திறந்தபோது உள்ளே ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தது. ஓடிய தூரம், ஊற்றிய பெட்ரோல், மாற்றிய சாமான் என்று மச்சானின் அழகிய கையெழுத்தில் ஆண்டுவாரியாகக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: பட்டறைக்குத் தரவேண்டியது ரூபாய் 2,000. அதற்கு நேரே 'தந்தாயிற்று' என்னும் சொல் இல்லை. மற்றப் பக்கங்களிலெல்லாம் அது இருந்தது.

இறந்தவர் சொத்தில் அடக்கச் செலவுக்கு அடுத்து நிற்பது கடன். அதன் பின்னரே மரண சாசனமும் பங்கும். பாகப்பிரிவினைப் பாடத்தை எத்தனையோ ஆண்டாகச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆயினும், ஒரு மனிதரின் கடன் பத்தொன்பது ஆண்டு அவரது வண்டிக்குள்ளேயே பூட்டிக் கிடந்ததைக் கண்டபோது நெஞ்சு நடுங்கிற்று. மரியாதைக்குரிய மனிதர், பிறருக்கு ஒரு காசு நிறுத்திவைக்காதவர். வண்டியைப் பிள்ளைகள் முதலாண்டே திறந்து பிரித்திருந்தால், அக்கடன் முதலாண்டே தீர்ந்திருக்கும். பிணக்கு வண்டியை மட்டுமா நிறுத்திற்று? தந்தையின் கணக்கையும் அல்லவா நிறுத்திவிட்டது!

மெக்கானிக்கிடம் அப்பக்கத்தைக் காட்டினோம். அவர் தந்தை காலமாகிவிட்டார். "எங்கப்பா இதைப் பத்திச் சொன்னதே இல்லையே, எதுக்குங்க இப்போ?" என்று கையை விலக்கிக்கொண்டார். உரியவர் இல்லையெனில் அவர் வாரிசுக்குச் சேரவேண்டியது என்று விளக்கினோம். சற்று யோசித்து, "அப்படின்னா எங்கம்மா கையில குடுங்க" என்றார். மருமகன்கள் இருவரும் ஒரே வண்டியில் பட்டுக்கோட்டைக்குப் போய் அந்த அம்மையாரிடம் கொடுத்துவிட்டு வந்தனர். அண்ணனும் தம்பியும் ஒன்றாகப் புறப்பட்டுப் போனதை ராத்தா வாசலில் நின்று பார்த்திருந்தார்கள்.

கடன்போக எஞ்சிய 58,000 ரூபாயில் ஒரு பங்கு 1,450. ராத்தாவுக்கு 7,250, ஆண்மக்களுக்குத் தலைக்கு 20,300, மகளின் சொந்தப் பங்கு 10,150. "தங்கச்சியிடம் பணம் வாங்குவதா? வேண்டாம் மாமா" என்றார் மூத்தவர். முதலில் கையில் வாங்குங்கள், பிறகு மனமுவந்தால் திருப்பிக் கொடுங்கள் என்றோம். வாங்காமலே விடுவதில் வெட்கமும் ஊர்ப்பேச்சும் கலந்திருக்கும். வாங்கிக் கொடுப்பதில் மனம் மட்டுமே இருக்கும். நம் பெண்மக்களிடம் 'விட்டுக்கொடுத்தேன்' என்று வாயால் சொல்லவைத்துப் பங்கை எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் மறையவில்லையாதலால், ஆண்களுக்கும் அதே முறையைக் கடைப்பிடிக்கச் செய்தோம். மூத்தவர் வாங்கி, எண்ணி, தங்கையின் மகன் படிப்புக்கென்று கொடுத்துவிட்டார். இளையவர் வைத்துக்கொண்டார். இரண்டும் முறையே, இதில் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்த ஒன்றுமில்லை.

இனி வண்டியின் செய்திக்கு வருவோம். நெடுநாள் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்ய முயல்வதே பலரும் செய்யும் கேடு. சிலிண்டருக்குள் எண்ணெய் வற்றி, பிஸ்டன் வளையங்கள் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வலிந்து சுழற்றினால் வளையம் முறியும்; சுவர் கீறும். அதனால்தான் அம்மெக்கானிக் சாவியை வாங்கிவைத்தார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, மூன்று நாள் அப்படியே விட்டார். நான்காம் நாள் முன்புறம் ஹேண்டிலைச் செருகிக் கையால் அழுத்தினார், அசையவில்லை. மீண்டும் எண்ணெய்; மீண்டும் காத்திருப்பு. ஏழாம் நாள் கால்வட்டம் திரும்பிற்று. முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து அசைத்து முழுவட்டம் திரும்பியபோது, "உசிரு இருக்கு" என்றார்.

பிறகு பெட்ரோல் தொட்டியை இறக்கினார். பழைய பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின்போல் உறைந்து, மூக்கைத் துளைக்கும் நாற்றம் வீசிற்று. தொட்டிக்குள் சிறு கல்லும் டீசலும் இட்டுக் குலுக்கித் துருவைக் கழுவி, குழாய்களைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைப் பிரித்து அதன் நுண்துளைகளை ஊதித் திறந்தார். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மச்சான் வண்டி வாங்கிய நாளில் விற்ற பெட்ரோல் வேறு, இன்றையது வேறு. அன்று ஈயம் கலந்திருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டது. இன்றோ 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பரை இளக்கும். ஆகவே அதைத் தாங்கும் புதிய குழாயும், பம்ப்பின் புதிய சவ்வும் போடப்பட்டன. வண்டியை இனி மாதக்கணக்கில் நிறுத்தவேண்டின் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் எச்சரித்தார்.

இருக்கையின் நாரையும் பஞ்சையும் உருவிக் காற்று வடிகட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. மின்கம்பிகள் பாதி கடிபட்டிருந்தன. ரேடியேட்டரில் சேறுபோல் துரு. இவையெல்லாம் பொறுமையிருந்தால் தீர்கிற குறைகள். அவர் மிகுதியாகக் கவலைப்பட்டது இரண்டைப் பற்றித்தான்: பிரேக்கும் அடித்தட்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்த நீர் சிலிண்டர்களின் உட்சுவரை அரித்துப் பிஸ்டனை இறுக்கிவிடும். நான்கு சக்கரத்திலும் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டியிருந்தது. மாஸ்டர் சிலிண்டரும் சக்கர சிலிண்டர்களும் மாற்றப்பட்டு, இரும்புக் குழாய்கள் புதிதாக இழுக்கப்பட்டன. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினர். இயந்திரம் உயிர்பெறுமுன்பே இவ்வேலையை முடித்தார். "ஓடுறதுக்கு முன்னாடி நிக்கக் கத்துக்கணும் அஜ்ரத்து" என்றார். இதனினும் சுருக்கமாக இதை நாம் சொல்ல இயலாது.

அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலும் அடித்தட்டும் சேர்ந்தே அதன் எலும்பு. ஆகவே அடித்தட்டில் துரு ஏறினால் அது அழகுக் குறையன்று, பலக் குறை. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி இரண்டும் விரல் குத்தினால் உதிர்ந்தன. பட்டறையில் அவற்றை அறுத்தெடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தனர். டயர்களின் பல் தேயாமலிருந்ததால் அவற்றை வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டார் கேட்டனர். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளைக் காட்டி, வயது முதிர்ந்த ரப்பர் வேகத்தில் பிரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். வேலை முழுதும் 1,35,000 ரூபாயும் ஐந்து மாதமும் ஆயிற்று. வண்டியின் விலையினும் இருமடங்குக்கு மேல். கணக்குப் பார்ப்பவர் இதை நட்டம் என்பர். மருமகளும் அவள் கணவரும் அறிந்தே செய்தனர்.

இயந்திரம் முதன்முதல் பிடித்த அன்று அஸர் தொழுதுவிட்டு நாமும் போயிருந்தோம். இருமுறை உறுமி அடங்கி, மூன்றாம்முறை நீலப் புகை கக்கியபடி நின்று ஓடிற்று. ஊற்றிய எண்ணெய் எரிந்து தீரும்வரை புகை வரும் என்றார்கள். அவ்வாறே சிறிது நேரத்தில் தெளிந்தது. கிளச் தட்டு துருவால் ஒட்டியிருந்ததை, பின்சக்கரங்களை உயர்த்திவைத்து, ஓட்டத்திலேயே பிரேக்கை மிதித்து விடுவித்தார். ராத்தா கொட்டகைப் பக்கம் வரவில்லை. அடுப்படியில் நின்றே ஒலியைக் கேட்டு, "அது அவர்கள் வண்டிதான்" என்றார்கள்.

சாலைக்கு வர ஒலி மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். மச்சான் புதுப்பித்த கடைசித் தவணை 2008இல் முடிந்திருந்தது. உரிமையாளர் இறந்துபோனமையால் முதலில் படிவம் 31இன்படி வாரிசு பெயருக்கு மாற்றம். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் இசைவு. பின் படிவம் 25இன்படி புதுப்பித்தல். வாகன ஆய்வாளர் நேரில் பார்த்தல். காப்பீடு, புகைச் சான்று, பசுமை வரி. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தால் இருபது ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000ஆக இருந்தது. இவற்றுள் வாரிசுகளின் இசைவு ஒன்றுதான் அலுவலகத்தில் விலைக்குக் கிடைக்காதது. அண்ணனும் தம்பியும் கையெழுத்திட்டிராவிடில், எத்தனை ஆயிரம் செலவழித்து இயந்திரத்தை ஓடவைத்திருந்தாலும், வண்டி கொட்டகை வாசலைத் தாண்டியிராது.

இப்போது அவ்வண்டி பழைய மூன்றெழுத்துப் பதிவெண்ணோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மருமகளின் பெயரில் ஓடுகிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவேண்டாம் என்பது மெக்கானிக்கின் கட்டளை.

அன்பர்களே, வெளிநாடு போகிறோம், சில ஆண்டு வண்டியை நிறுத்திவைக்க வேண்டும் என்று கருதுவோர் இவற்றைச் செய்துவிட்டுப் போகலாம்: பெட்ரோலை வடித்துவிடுக, பழைய எண்ணெயை நீக்கிப் புதியது ஊற்றுக, பேட்டரியைக் கழற்றிவிடுக, கட்டைவைத்துச் சக்கரங்களைத் தரையினின்று உயர்த்துக, கைப்பிரேக்கைப் போடாது விடுக, ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துக் காற்றோடும் துணியைப் போர்த்துக. வண்டியை விட்டுச் சென்றவர் இறைவனிடம் சென்றுவிட்டாரென்றாலோ, முதற்காரியமாக அதன் சிற்றறையைத் திறந்து பாருங்கள். அவர் கொடுக்கவேண்டியது ஏதும் அங்கே இருக்கலாம். கடனைத் தீருங்கள், பங்கைப் பிரியுங்கள், பெண்மக்களையும் அழைத்துக் கேளுங்கள். வண்டியை எடுக்கவிரும்புவோர் எடுக்கட்டும். எவரும் விரும்பாவிடில் விற்றுப் பணத்தைப் பகிருங்கள். துருவுக்கு மருந்து எண்ணெயும் பொறுமையுமாக இன்னும் கடையில் கிடைக்கிறது. உடன்பிறந்தாரிடையே ஏறும் துருவுக்கு நாள் கடத்தாமையே மருந்து.